கைய எடு தாத்தா

ஜூன் 9, திங்கள்

மழை வந்தது. பேத்தி பள்ளிக்கூடம் போனாள். இதை எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

ஜூன் 11, புதன்

நான் எழுதியதை முதியோர் வகுப்பு பானு டீச்சர் படித்துப் பார்த்தார். "தினமும் நடந்தத ரெண்டு வரி எழுதுங்க தாத்தா, போதும்" என்றார். நடந்தது இதுதான். ஆறிய காபியை மருமகள் லோகநாயகி மறுபடியும் சுடவைத்துக் கொடுத்தாள். அதுவும் ஆறிவிட்டது.

ஜூன் 16, திங்கள்

என் பெயர் ஏகாம்பரம். வேலூர் வெல்ல மண்டியில் மூட்டை தூக்கினேன். மீசை முளைப்பதற்கு முன்னால் தொடங்கி, முதுகு மடங்கும்வரை தூக்கினேன். இப்போது எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறேன். எழுத்து கனமில்லை. ஆனால் வழுக்குகிறது. பிடித்துவிட்டால் அப்படி ஒரு சந்தோஷம். நேற்று பஸ்ஸில் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்தார். "படிக்கட்டில் நிற்காதீர்" என்று எழுதியிருந்தது. நான் படிக்கட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

எங்கள் வகுப்பு நடக்கும் இடத்தைப் பற்றி எழுதுகிறேன். பழைய கட்டடம். முன் அறையில் நாங்கள். பின்னால் தகரக் கொட்டகை, அதில் பிள்ளைகள் பளு தூக்குகிறார்கள். நடுவில் ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் 'தொம்' என்று விழும்போதெல்லாம் இந்தப் பக்கம் கரும்பலகையிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்கிறது. சாயங்கால வெயிலில் அது மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பாடம் மறந்துவிடுகிறது.

பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் மங்கும். அதனால் பேத்தி நித்திலாதான் கூட வருகிறாள். வாசல் பெஞ்சில், பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு, வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்குப் பதினைந்து வயது. போன வருஷம்வரை வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது வீட்டுக்குள்ளேயே சுவர் ஓரமாக நடக்கிறாள். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கிறது. சரியாகத் தூங்குவதில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு சத்து மாத்திரை கொடுத்தார். முதுகில் ஒன்றும் இல்லாமலே மூட்டை ஏற்றியவள் மாதிரி குனிந்து நடக்கிறாள். என்னவென்று கேட்க எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 27, வெள்ளி

வகுப்பு முடிந்து வெளியே வந்தால் பெஞ்சில் நித்திலா இல்லை. கொட்டகை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். உள்ளே கையில் தடவிக்கொள்ளும் வெள்ளைத் தூள் புகை மாதிரி மிதந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் பிள்ளை எழுந்து நின்றாள், தலைக்கு மேல் இரும்புக் கம்பியோடு. மேகத்துக்குள்ளிருந்து எழுந்த மாதிரி இருந்தது.

"போலாமா?" என்றேன்.

"இரு தாத்தா" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவளே ஒன்று கேட்டாள். இருந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

கொட்டகையை நடத்துவது ரெஜினா மிஸ். அவரும் ஒரு காலத்தில் தூக்கினவர்தானாம். நித்திலாவை உள்ளே கூப்பிட்டார். இரும்பு கொடுப்பார் என்று பார்த்தேன். தண்ணீர்க் குழாய் ஒன்றை, வெறும் பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்தார். குனி, நிமிர், உட்கார், எழுந்திரு. இதுதான் ஒரு வாரமாக நடக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. "நாங்கல்லாம் மொத நாளே முழு மூட்ட தூக்கினோம்" என்றேன்.

"அதான் தாத்தா உங்க கழுத்து அப்படிக் கீது" என்றார் ரெஜினா மிஸ். "மொதல்ல வழி கத்துக்கட்டும். கனம் எங்க ஓடிப்பூடப் போவுது?"

கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் புடைத்திருக்கிறது. அது என்னுடையதே இல்லை, மண்டி வைத்துவிட்டுப் போன சாமான் என்று தோன்றியது.

ஜூலை 13, ஞாயிறு

என் மகன் ஞானவேலுக்குத் தெரிந்துவிட்டது. தோல் கம்பெனியில் சூப்பர்வைசர் அவன். சட்டையில் கசங்கல் இருக்காது. இன்று வீட்டில் சத்தம் போட்டான்.

"இந்த வூட்ல தூக்கினவங்க தூக்கினது போதும். என் பொண்ணு ஒண்ணும் தூக்க வேணாம்."

"இது மூட்ட இல்லப்பா" என்றாள் நித்திலா, தலை குனிந்தபடி.

"கனம்னா கனம்தான். வளர்ற வயசுல தூக்கினா குள்ளமா நின்னுடும். நைனாவப் பாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் குள்ளம்தான். மூட்டை அமுக்கிவிட்டது என்று ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் சொல்வேன்.

லோகநாயகி அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்தாள். "நேத்து அவ ரெண்டாந்தடவ சோறு கேட்டா. அந்த வார்த்தைய கேட்டு ஒரு வருஷம் ஆவுது. நீ போயி அந்த மிஸ்ஸுகிட்ட கேட்டுட்டு வந்து சத்தம் போடு."

கேட்கப் போனான். நானும் நித்திலாவும் கூடப் போனோம். ரெஜினா மிஸ் நின்றபடியே பதில் சொன்னார். முறையாக, பக்கத்தில் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் வளர்ச்சி நிற்காது. எலும்பு உறுதியாகும், முதுகு நிமிரும், நன்றாகத் தூக்கம் வரும். "உங்க அப்பா குள்ளமானது தூக்கினதாலன்னு யாரு சொன்னா? பத்து வயசுல தன்னவிடப் பெரிய கனம், அர வயிறு சோறு, ஒரு நாள் ஓய்வு இல்ல. அதையும் இதையும் ஒண்ணா வெக்காதீங்க."

ஞானவேல் யோசித்தான். "அக்டோபர்ல மாவட்டப் போட்டி வருதுன்னீங்களே. அது வரைக்கும் வரட்டும். அன்னிக்கு நான் வந்து என் கண்ணால பாப்பேன். மனசுக்குப் புடிக்கலன்னா அன்னியோட முடிஞ்சிது."

"சரிப்பா" என்றாள் நித்திலா. இந்தத் தடவை தலை குனியவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பானு டீச்சர் "உங்க வேலையப் பத்தி எழுதுங்க" என்றார். எழுதுகிறேன்.

மண்டியில் யாரும் தனியாகத் தூக்குவதில்லை. ஒருவன் குனிந்து முதுகைக் கொடுப்பான். மற்ற இருவர் மூட்டையைத் தூக்கி ஏற்றுவார்கள். இதற்குக் கை கொடுக்கிறது என்று பெயர். ஏற்றின ஆள் தடுமாறினால், பக்கத்தில் யார் இருந்தாலும், அவனோடு பேச்சுவார்த்தையே இல்லாதவனாக இருந்தாலும், ஓடிப்போய்க் கை கொடுக்க வேண்டும். குடித்துவிட்டு வந்தவனை மன்னிப்போம். கை கொடுக்காதவனோடு யாரும் டீ குடிக்க மாட்டோம். எனக்குக் கை கொடுத்தவன் கோதண்டம். அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். மண்டியில் யாரும் தனியாக விழுந்ததில்லை.

இதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

மத்தியானம் தூங்கினபோது ஒரு கனவு. மண்டி முழுக்க வெல்ல வாசனை. மஞ்சள் குளவிகள் பறந்தன. அந்தக் குளவிகள் எங்களைக் கொட்டியதே இல்லை. மூட்டையைத் தோளில் வைத்தால் கனமே இல்லை, உள்ளே வெறும் வெளிச்சம். தூக்கிக்கொண்டு நடந்தேன், நடந்தேன், எங்கே இறக்குவது என்று யாரும் சொல்லவில்லை. எழுந்து பார்த்தால் தோள் வலித்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று வேடிக்கையான ஒன்றைப் பார்த்தேன். கொட்டகையில் கீழே போடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தூக்க முடியவில்லையா, கம்பியை முன்னால் விட்டுவிட்டு நீ பின்னால் விலகு. நித்திலா அதையே திரும்பத் திரும்பச் செய்தாள். தொம், தொம். சுவருக்கு இந்தப் பக்கம் நான் இத்தனை நாளாகக் கேட்ட சத்தம் இதுதான். தூக்கி முடித்தாலும் அப்படித்தான் போடுகிறார்கள், தூக்க முடியாவிட்டாலும் அப்படித்தான்.

மண்டியில் மூட்டை கீழே விழுந்தால் வெல்லம் சிதறும். மேஸ்திரி நம் வம்சத்தையே இழுத்துத் திட்டுவார். அதனால் உயிர் போனாலும் விட மாட்டோம்.

வரும் வழியில் நித்திலா சொன்னாள். "கிளாஸ்ல எனக்கு ஒரு பேர் வெச்சாங்க தாத்தா. போன வருஷம். என் உடம்பப் பத்தி. போன்ல படம்லாம் போட்டாங்க. என்னா பேர்னு மட்டும் கேக்காத."

"கேக்கல."

"இன்னிக்கும் ஒருத்தி சொன்னா. நான் திரும்பி நின்னு, 'சொல்லு, இன்னொரு தடவ சொல்லு'ன்னேன். அவளுக்குச் சொல்ல வரல."

அவள் என்னைவிட ஓர் அடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து முன்னால் நடக்கிறாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். "மிட்டாய்" என்று எழுதுவது சுலபம்.

செப்டம்பர் 8, திங்கள்

கோடை விடுமுறையில் தைத்த சுடிதார் நித்திலாவுக்குத் தோளில் பத்தவில்லை. உயரத்திலும் பத்தவில்லை. லோகநாயகி அவளைக் கதவுச் சட்டத்தில் சாய்த்து நிற்கவைத்து பென்சிலால் கோடு போட்டாள். போன தடவை போட்ட கோடு கீழே இருந்தது. ஞானவேல் ஷூ மாட்டிக்கொண்டே இரண்டு கோடுகளையும் பார்த்தான். பிறகு கம்பெனிக்குப் போனான்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலாண்டுப் பரீட்சை. ரெஜினா மிஸ் அவளுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். உடம்பு ஓய்வில்தான் பலமாகுமாம். இது மண்டியில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் யார் விடுவார்கள். நித்திலா நன்றாகத் தூங்குகிறாள். எழுப்பினால் எழுந்திருப்பதில்லை, லோகநாயகி திட்டுகிறாள். அந்தத் திட்டில் கோபமே இல்லை.

அக்டோபர் 11, சனி

நாளைக்குப் போட்டி. ரெஜினா மிஸ் எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார். "மேடைகிட்ட நம்ம ஆளுங்க யாரும் போகக் கூடாது. புள்ள தூக்கும்போது கம்பிய வேற யாரும் தொடக் கூடாது." எல்லாரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

நித்திலா சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பயமா கீதா?" என்றேன்.

"தூக்கறதுக்குப் பயம் இல்ல. அப்பாக்குப் புடிக்கலன்னா? அதுக்குதான்."

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று எழுதவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

நேற்று கை ஓடவில்லை. இன்று எழுதுகிறேன். மெதுவாகத்தான் எழுதுவேன்.

போட்டி ஒரு கல்லூரி உள்ளரங்கில் நடந்தது. சுவரில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். யாரையும் கேட்காமல் நானே விரல் வைத்துத் தேடினேன். 'ஞா. நித்திலா' என்று இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம், "இது எங்க வூட்டுப் பொண்ணு" என்றேன். அவர், "அப்படிங்களா?" என்றார். இன்னொருவரிடமும் சொன்னேன்.

ஞானவேல் உள்ளே வந்து உட்காரவில்லை. கதவுப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாங்கள் முன் வரிசையில் உட்கார்ந்தோம்.

இரண்டு வகையாகத் தூக்க வேண்டும். முதல் வகை, தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல். அதை நித்திலா சுத்தமாகத் தூக்கினாள். மூன்று வெள்ளை விளக்கு எரிந்தது. வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் தப்பு. நான் கதவைப் பார்த்தேன். ஞானவேல் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது வகையில் முதலில் தோளுக்குக் கொண்டுவந்து, பிறகு தலைக்கு மேலே தூக்க வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றில் ஒரு தடவையாவது சரியாக வர வேண்டும். இல்லையென்றால் முன்னால் தூக்கினதும் கணக்கில் வராது. முதல் வாய்ப்பில் கம்பி அவளுக்கு முன்னால் போய்விட்டது. விட்டுவிட்டு விலகினாள். தொம். சிவப்பு.

இரண்டாவது வாய்ப்பு. கம்பியைத் தோளுக்கு இழுத்து அதற்கடியில் போய் உட்கார்ந்தாள். அங்கேயே நின்றுவிட்டது. முகம் சிவந்தது. முழங்கால் நடுங்கியது. அவள் எழுந்துகொண்டுதான் இருந்தாள் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கலாம். என் கண்ணுக்கு அது தெரியவில்லை. கனத்துக்கு அடியில் ஒரு ஆள் இருந்தது. அதுதான் தெரிந்தது.

நாற்காலியிலிருந்து எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. மேடைமேல் இருந்தேன். என் இரண்டு கையும் கம்பிக்கு அடியில் இருந்தன.

"கைய எடு தாத்தா" என்றாள். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

எடுத்தேன். ஆனால் மூன்று சிவப்பும் எரிந்துவிட்டன. அவள் கம்பியைக் கீழே போட்டாள். ரெஜினா மிஸ் நடுவர்களிடம் போய் பேசினார். சொந்த ஆள் தொட்டால் அந்த வாய்ப்பு தோல்விதான், மாற்ற முடியாது என்றார்கள். "யாருங்க இந்தப் பெரியவரு? வெளிய கூட்டிக்கினு போங்க" என்றார் ஒருவர்.

ஞானவேல் வந்து என் முழங்கையைப் பிடித்தான். நித்திலாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தூள் டப்பாவுக்குள் கையை விட்டபடி நின்றாள்.

வெளியே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே சிமெண்டுப் பெஞ்சு. உட்கார்ந்தோம். இலைகளுக்கு நடுவில் வெயில் சின்னச் சின்னக் காசு மாதிரி விழுந்து ஆடியது. என் கையெல்லாம் வெள்ளை.

"கெடுத்துட்டேன்டா" என்றேன்.

அவன் அரங்கக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நைனா, அன்னிக்கு யாரும் வரல" என்றான்.

"என்னிக்கு?"

"உனக்குத் தெரியும் என்னிக்குன்னு."

எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் சொன்னான். அவனுக்கு எட்டு வயது. எனக்குச் சோறு கொண்டுவந்தான். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். வண்டிக்காரன் அவசரப்படுத்தினான் என்று, இருந்த ஒரு மூட்டையை நானே இழுத்து ஏற்றிக்கொண்டு, கால் வழுக்கி விழுந்துவிட்டேன். மூட்டை மேலே.

"தூக்குச்சட்டிய வெச்சிட்டு நான் தூக்கிப் பாத்தேன். அசையல. மறுபடியும் பாத்தேன். நீ கீழ கெடந்துகினு சிரிக்கிற. 'ஒண்ணுமில்லடா, போயி கோதண்டத்த இட்டுக்கினு வா'ன்ற. நான் ஓடினேன். ஓடறப்போ, திரும்பி வந்தா நீ இருக்க மாட்டேன்னு நெனச்சிக்கினே ஓடினேன்."

அவன் இதையெல்லாம் மறந்துவிட்டான் என்று நான் நினைத்திருந்தேன். நான் மறக்கவில்லை என்பது அவனுக்கு எப்போதுமே தெரிந்திருந்தது.

"அதுக்குத்தான் இவள வேணாம்னியா?"

"ஒரு கனத்துக்கு அடியில இவளப் பாக்க முடியாதுன்னு நெனச்சேன். இப்போ பாத்தேன்." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். கசங்கியது. "அந்த வயசுல எனக்கு அந்தத் தெம்பு இருந்திருந்தா..." என்றான்.

அப்போது உள்ளே 'தொம்' என்று கேட்டது. அவளுடைய மூன்றாவது வாய்ப்பு. ஞானவேல் எழுந்தான், நடக்கவில்லை. தூக்கி முடித்துப் போட்டதா, முடியாமல் போட்டதா? கைதட்டல் கேட்டது. அங்கே தோற்றாலும் தட்டுகிறார்கள். மண்டியில் அந்தச் சத்தத்துக்கு ஒரு அர்த்தம்தான். இங்கே இரண்டு. நான் என் வெள்ளைக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நித்திலா வந்தாள். கழுத்துக்குக் கீழே கம்பி பட்ட இடம் சிவந்திருந்தது. என் முன்னால் வந்து நின்றாள்.

"கையக் காட்டு."

காட்டினேன். புரட்டிப் பார்த்தாள். "அடி ஏதும் பட்டுச்சா?"

"இல்ல."

"கம்பிக்கு அடியில கைய விடுறியே, வெரல் போயிருந்தா எப்பிடி எழுதுவ நீ?" கண்ணில் நீர் நின்றது. கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. பிறகு உட்கார்ந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில். "தூக்கிட்டேன்" என்றாள். "மூணு வெள்ள. மூணாவது எடம்."

மரத்தில் ஏதோ ஒரு பறவை பேசியது.

"அடுத்த தடவ நீ கடைசி வரிசையிலதான் உக்காரணும் தாத்தா" என்றாள். 'அடுத்த தடவ' என்று சொல்லிவிட்டது பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

ஞானவேல் கசங்கின சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டான். இரண்டு தடவை மடித்தான்.

"முன் வரிசையிலயே உக்காரட்டும்" என்றான். "நான் அவரு கையப் புடிச்சிக்கினு பக்கத்துல உக்காருறேன்."

அக்டோபர் 14, செவ்வாய்

மண்டியில் யாரும் தனியாக விழுந்ததில்லை என்று ஜூலை மாதத்தில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அடிக்க மனம் வரவில்லை. அழகாக எழுதியிருந்தேன். பக்கத்திலேயே, 'ஒரு நாள் தவிர' என்று சேர்த்தேன்.

அக்டோபர் 15, புதன்

மத்தியானக் கனவில் மறுபடியும் மண்டி. வெல்ல வாசனை, மஞ்சள் குளவிகள், தகரக் கூரை ஓட்டையில் வெயில். நான் கீழே கிடக்கிறேன். மேலே மூட்டை. பயம் இல்லை. ஒரு சின்னப் பையன் வருகிறான், கையில் தூக்குச்சட்டி. அதை ஓரமாக வைக்கிறான். காலை அகட்டி நிற்கிறான். முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி உட்காருகிறான். யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. அவன் கையெல்லாம் வெள்ளைத் தூள்.

முகம் சிவந்தது. முழங்கால் நடுங்கியது. நானும் கீழேயிருந்து தள்ளலாம் என்று கையை எடுத்தேன். பிறகு வேண்டாம் என்று முதுகுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அவன் எழுந்தான்.

கண் விழித்தபோது லோகநாயகி காபி வைத்துவிட்டுப் போயிருந்தாள். இதை எழுதி முடித்துவிட்டேன். காபி இன்னும் சூடாக இருக்கிறது.